இடது ஓரத்து ஓட்டைகள்

என் அக்காள் வீட்டுக் குளியலறைக்கு இப்போது கதவாக நிற்பது ஒரு பலூன் பலகை. மாமா, அதாவது அக்காளின் கணவர், மாமல்லபுரம் கடற்கரையில் பலூன் சுடும் கடை போட்டிருந்தார். பலூன்களை இந்தப் பலகையில்தான் கட்டுவார். பலகையில் நிறைய ஓட்டைகள். ஆனால் எல்லாம் பலூன் வரிசையைத் தாண்டி இடது ஓரத்தில். அவருடைய காற்றுத் துப்பாக்கி நேராகச் சுடாது. அது அவருக்கும் தெரியும், பக்கத்தில் பஜ்ஜி போட்ட எனக்கும் தெரியும்.

ஆனால் வாய் மட்டும் நேராகச் சுடும். "வா நைனா, குறி தப்பவே தப்பாது. தப்புச்சுன்னா எம் மீசைய எடுத்துக்கோ!" என்று கத்துவார். கேளம்பாக்கம் பக்கத்து ஐ.டி. பையன்கள் சுட்டுத் தோற்றுவிட்டு, "அண்ணாத்த, மீசைய குடு" என்பார்கள். "உன் கை நடுங்குது மச்சான், வூட்ல சண்டையா?" என்று திருப்பிக் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. சட்டம் அதைப் பொம்மைக்குச் சற்று மேலாகத்தான் பார்த்தது.

உப்புக் காற்றில் அதன் குழல் துருப்பிடித்தது. மாமா சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் வேறொரு குழலை வாங்கி வந்தார். வேறு ஏதோ துப்பாக்கியுடையது. துளை பெரியது, பொருந்தவில்லை. கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று பலூன் மூட்டைக்குள்ளேயே போட்டு வைத்தார். அதற்குள் யாரோ பெரிய மனிதர் சிற்பங்களைப் பார்க்க வருகிறார் என்று கடற்கரை முழுக்கச் சோதனை. மூட்டையைக் கொட்டினார்கள். குழல் உருண்டது.

இன்ஸ்பெக்டருக்கு வேறு வேலை இருந்தது. "இன்னாய்யா இது, பழைய இரும்பா? எதுக்காவது ஒதவுமா?" என்று கேட்டுவிட்டு, அதைத் திருப்பித் தரத்தான் கையை நீட்டினார். நான் பார்த்தேன். "ஒதவாது சார்" என்று சொல்லியிருந்தால் போதும். மாமாவின் வாய் பழக்கப்பட்ட வழியில் போனது.

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? ஒரிஜினல் பேரலு. குறி தப்பவே தப்பாது."

நீட்டிய கை திரும்பிப் போனது.

துளை ஒரு அளவுக்கு மேல் போனால் லைசென்ஸ் வேண்டும், துப்பாக்கியின் பாகத்தையும் சட்டம் துப்பாக்கியாகவே எண்ணும் என்று வக்கீல் பிறகு சொன்னார். சுடுவதற்குக் கட்டை இல்லை, விசை இல்லை, குண்டு இல்லை. ஒரு முழ இரும்புக் குழாய். அதற்கு ஆயுத வழக்கு. சோதனைக்கூடத்து அறிக்கை வந்தது: குழல் நல்ல நிலையில் இருக்கிறதாம். வாழ்நாளெல்லாம் அவர் சொன்ன பொய்களில் அந்த ஒன்றுதான் நிஜமாகிப்போனது.

வழக்கு முடியும்வரை கடை போடக்கூடாது என்று விரட்டினார்கள். வழக்கு முடிந்தால்தானே? செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு வாய்தா வாய்தாவாக அலைந்தார். ஒருநாள் சாட்சி வரமாட்டார், ஒருநாள் நீதிபதி விடுப்பு. முட்டுக்காட்டில் ஒரு பங்களாவுக்குக் காவலாளியாகப் போனார். அங்கே பேச ஆளில்லை. மீசையை எடுத்துவிட்டார். யாரும் கேட்காமலே. "சும்மா வெச்சிருந்தேன்டா, அவ்ளோதான்" என்பதை மட்டும் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வார். அதை நீதிபதியிடம் சொல்லும் நாள் வருவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

ஆள் இல்லையென்றதும் வழக்கை மூடினார்கள். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வழக்கு நடந்தபோது ஒருமுறை இந்தப் பலகையைக் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். குறி தப்பாது என்று மாமா சொல்வதை நம்பாதீர்கள், விற்பதற்காகக் கத்துகிறவர் என்று காட்ட வேறு சாட்சி என்னிடம் இல்லை. வக்கீல் சிரித்தார். நேற்று அக்காள் வீட்டுக்குப் போனேன். அந்த இடது ஓரத்து ஓட்டைகளில் பழைய துணியைத் திணித்து அடைத்துக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரிகிறதாம்.