குசினி வாசலுக்குப் போன அங்கத்தவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. மார்கழி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகற்பொழுதில், பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில் நடந்த சம்பவம் இது. அப்போது நான் சென்னையில் பி.ஏ. முடித்துத் திரும்பி, பதுளையில் ஒரு பாடசாலையில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் பகுதியிலிருந்து சட்டநிரூபண சபைக்குப் புதிதாகத் தெரிவான அங்கத்தவருக்குப் பசறை வர்த்தகர்கள் வரவேற்புக் கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையது.

அவர் வழக்கறிஞர், பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவரின் மகன். எழுதப் படிக்கத் தெரிந்து, சொத்தோ வருமானமோ உள்ள ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த காலம் அது. கடைக்காரர்களும் காணிக்காரர்களும் உத்தியோகத்தர்களுமே அவரைத் தெரிவுசெய்தார்கள். தோட்டத்து மக்களில் அநேகமாக எவருக்கும் வாக்கு இல்லை. தேர்தலின்போது அவரை ஆதரித்து நான் எழுதிய துண்டுப் பிரசுரத்தில், ‘எவர் முன்னும் தலை குனியாதவர்’ என்று குறிப்பிட்டிருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பாதி வழியில் மண்மேடு சரிந்து வீதியை மூடியிருந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டு, முழங்கால் வரை சேற்றில் புதைந்து அந்தச் சரிவைக் கடந்தோம். அப்பால் வேறு வண்டி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஆளுக்கொரு குடையோடு நடந்தோம்.

முதல் வளைவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் நுழைவாயில். குறுக்கே சங்கிலி போட்டிருந்தது. சங்கிலிக்கு வெளியே, வீதியோரத்தில், சட்டிபானைகளுக்கும் ஒரு துணிமூட்டைக்கும் நடுவே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தாள். அவள் கணவன் பக்கத்தில் செய்வதறியாது நின்றான். அவளுக்கு வலி எடுத்துவிட்டது என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

விசாரித்தபோது அவன் சொன்னான். முந்தின நாள் மனைவியைத் தோட்டத்து மருந்துக்காரரிடம் கூட்டிப்போகும்போது தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை குதிரையில் எதிரே வந்திருக்கிறார். துரையைக் கண்டால் கூலியாள் குடையை மடக்கிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அந்தத் தோட்டங்களில் எழுதாத சட்டம். இவன் இரவல் வாங்கியிருந்த குடையை மடக்கவில்லை. “அவ நனைவாளேன்னு புடிச்சுக்கிட்டே நின்னுட்டேங்க ஐயா. காலையில பெரட்டுல பத்துச்சீட்டக் குடுத்து, லயத்தவிட்டு எறங்குன்னுட்டாங்க.” பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம், பத்துச்சீட்டு என்றால் வேலைநீக்கம், லயம் என்பது கூலியாட்களின் வரிசை வீடுகள்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. அந்தச் சேற்றுச் சரிவில் அவளைத் தூக்கிச் செல்வது கொலைக்குச் சமம். பசறை வெகுதூரம். கூப்பிடு தூரத்தில் இருந்த கூரை, அவர்கள் அன்று காலை இறங்கிவந்த அதே லயம்தான். காவல்காரனிடம் சங்கிலியைக் கழற்றச் சொன்னோம்.

“தொரை உத்தரவு இல்லாம விட்டா, நாளைக்கு நானும் இவங்க பக்கத்துல சட்டிய வச்சுக்கிட்டு ஒக்காரணும்” என்றான் அவன். கல்நெஞ்சன் அல்லன், பயந்தவன்.

என் குடையைக் கணவனிடம் கொடுத்து அவளுக்குப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் ஒரே குடையில் மேட்டிலிருந்த பங்களாவுக்கு ஏறினோம். முன்வாசலை நெருங்குமுன்பே அப்பு, அதாவது துரையின் சமையற்காரன், ஓடிவந்து தடுத்தான். “கொடைய மடக்குங்கய்யா. இந்தப் பக்கம் யாரும் வரப்படாது. குசினிப் பக்கமாப் போயி நில்லுங்க.”

எனக்கு இரத்தம் கொதித்தது. “இவர் யார் தெரியுமா? கவுன்சில் மெம்பர்!” என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கத்தவர் என் கையை அழுத்தினார்.

“சும்மா இருங்க மாஸ்டர். மெம்பர்னு சொன்னா தொரை சட்டம் பேசுவாரு. நானும் பேசுவேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுவோம். அதுக்குள்ள புள்ள ரோட்டுல பொறந்திரும்.”

குடையை மடக்கினார். கோட்டிலும் தொப்பியிலும் மழை வழிய, பங்களாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துச் சமையலறை வாசலுக்கு நடந்தார். “இந்தக் குசினி வாசல் எனக்குப் புதுசா என்ன? எங்க வாப்பாவோட துணி மூட்ட தூக்கிட்டு வந்து இங்கதான் நின்னிருக்கேன்” என்றார், ஏதோ உறவினர் வீட்டுக்கு வழி சொல்வதுபோல.

துரை கையில் தேநீர்க் கோப்பையோடு வந்தார். இவர் ஆங்கிலத்தில், குரல் உயர்த்தாமல், ஒன்றே ஒன்றைக் கேட்டார்: பிள்ளை பிறந்து தாய் எழுந்து நடமாடும்வரை அவர்களுக்கு அந்தக் கூரை வேண்டும். கணவன் செய்தது சரியா பிழையா என்ற பேச்சையே எடுக்கவில்லை. யார் நீர் என்று துரை கேட்டார். “பதுளைத் துணிக்கடைக்காரரின் மகன், பசறைக்குப் போகிற வழி” என்றார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. துரை வெளியே மழையைப் பார்த்தார். பிறகு, “சரி, அப்பு போய்ச் சொல்லட்டும்” என்றுவிட்டு உள்ளே போனார்.

அப்பு எங்களுக்கு முன்னால் ஓடினான். நாங்கள் கீழே வருவதற்குள் சங்கிலி கழன்றிருந்தது. லயத்துப் பெண்கள் நால்வர் அவளைத் தாங்கிப் பிடித்து மேலே நடத்திக்கொண்டிருந்தார்கள். நாங்களும் பின்னால் போய், லயத்து இஸ்தோப்பில், அந்த ஒடுங்கிய திண்ணையில் உட்கார்ந்தோம். உள்ளே அவள் கதறல். வெளியே நான் பசறையை நினைத்துத் தவித்தேன். மாலையும் மேளமுமாகக் காத்திருக்கும் வாக்காளர்கள் என்ன நினைப்பார்கள்? அடுத்த தேர்தல் என்னாகும்? அதைச் சொன்னபோது அவர், “மன்னிப்புக் கேட்டுக்கலாம்” என்று மட்டும் பதில் தந்தார்.

வெந்நீர் கொண்டுபோன மருத்துவச்சி எங்களைப் பார்த்து நின்றாள். “யாரு இவரு? பொலிசு ஐயாவா?”

“இல்லம்மா, நம்ம ஆளுங்களுக்காகக் கவுன்சில்ல பேசுறவரு. தெரிஞ்செடுத்து அனுப்பியிருக்கோம்” என்றேன்.

“யாரு தெரிஞ்செடுத்தது? நான் எடுக்கலியே!”

அங்கத்தவர் சிரித்துவிட்டார். “நீங்க எடுக்கலதான் அக்கா. எடுத்தவங்க எல்லாரும் பசறையில காத்துக்கிட்டிருக்காங்க. வெந்நி ஆறுது, உள்ள போங்க.”

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது. “ரெண்டு உசுரும் நல்லாருக்கு, பொட்டப்புள்ள!” என்று மருத்துவச்சி கத்தினாள். அங்கத்தவர் கண்களை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

அப்பு பங்களாவில் நடந்ததை லயம் முழுக்கச் சொல்லியிருக்கிறான். கணவன் வந்து தலைகுனிந்து நின்றான். “நான் மடக்காத கொடைய எனக்காக நீங்க மடக்கிட்டீங்களே ஐயா.”

“ஒனக்காக இல்லப்பா. நீ மடக்காததும் அவளுக்காக, நான் மடக்குனதும் அவளுக்காக. போ, போயி புள்ளயப் பாரு.”

வழியில் ஒரு மாட்டுவண்டி கிடைத்து, இருட்டுகிற நேரத்தில் பசறையை அடைந்தோம். மேளக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். மிச்சமிருந்த சிலரிடம் அவர் மன்னிப்புக் கேட்டார், காரணம் சொல்லவில்லை. இரண்டொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மாதங்கள் கழித்து, மழைக்காலத்தில் குடும்பங்களை லயத்திலிருந்து வெளியேற்றுவது பற்றி அவர் சபையில் கேள்வி எழுப்பினார். மழுப்பலான பதில் வந்தது. அடுத்த கூட்டத்தில் மீண்டும் கேட்டார். அன்று பார்வையாளர் பகுதியில் நானும் இருந்தேன். பங்களா வாசலில் அவர் வெளிக்காட்டாத கோபம் முழுவதும் அங்கே அவர் குரலில் இருந்தது. சட்டம் உடனே மாறிவிடவில்லை. அந்தக் குடும்பம், தாய் தேறியதும் ஹாலிஎல பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டது என்று பிறகு அறிந்து ஆறுதலடைந்தேன்.

அதன்பின் என்னிடம் வாக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அவர்களின் படிப்பையும் பேச்சையும் நான் அதிகம் விசாரிப்பதில்லை, தமக்கு வாக்களிக்க முடியாத ஒருத்தி வழியோரம் கிடந்தால் இவர் நிற்பாரா என்று மட்டும் எனக்குள் கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.