தொண்டையில் மஞ்சள், தோளில் சிவப்பு

போன மாதம் ஒரு வாரம் முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காபி ஆறிப்போகிறது. பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். காரணம் என்ன தெரியுமா? ஒரு குருவி!

எங்கள் திருவண்ணாமலையில் பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வருஷா வருஷம் காலண்டர் அடித்து பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்பார்கள். குழுவில் எல்லோருடைய படமும் அதில் வந்துவிட்டது, என்னுடையதைத் தவிர. நான் எடுத்தால் ஒன்று கிளை மட்டும் விழும், இல்லை வால் மட்டும் விழும்.

இந்த முறை மாட்டியது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய வேப்பமரத்தில் ஒரு சின்னக் குருவி. தொண்டையில் மஞ்சள் திட்டு. தோள்பட்டையில் செம்பழுப்பு. இறக்கையில் வெளிறிய கோடு. மஞ்சள் தொண்டைச் சிட்டு! பெரிய அபூர்வமெல்லாம் இல்லை... ஆனால் எனக்கு மட்டும் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்த பறவை. படத்தைக் குழுவில் போட்டதும் ஒரே கைதட்டல் பொம்மைகள். காலண்டரில் இடம் உறுதி என்றார்கள்.

அப்புறம் ஜமுனா போன் செய்தார். காலேஜில் விலங்கியல் சொல்லித்தருகிறவர். காலண்டர் வேலையும் அவர் பொறுப்பு.

"சார், படம் சூப்பர். முதுகு தெரியற மாதிரி இன்னொண்ணு இருக்குங்களா?"

"முதுகு எதுக்கும்மா? அதான் தொண்டை தெரியுதே!"

"மஞ்சத் தொண்டைக்கு முதுகு ப்ளெய்னா இருக்கும் சார். கோடு கோடா இருந்தா அது வேற. அலகு வேற கொஞ்சம் தடியா தெரியுது... சும்மா ஒரு டவுட்டுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போவுது."

சும்மா டவுட்டாம்! எரிச்சல் எரிச்சலாக வந்தது. மற்றவர்கள் படத்துக்கெல்லாம் முதுகு கேட்டாரா? போனை வைத்த கையோடு படத்தை ஜூம் செய்தேன். அலகு... தடியாகத்தான் தெரிந்தது. சந்தேகம் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. கசக்கக் கசக்க உறுத்தல் ஜாஸ்தியாகிறது.

வெள்ளி காலை வேங்கிக்கால் வீட்டிலிருந்து கிளம்பி மறுபடி அதே மரத்தடி. மனைவி மாலாவும் கூட வந்தாள். அங்கிருக்கிற நாகர் சிலைகளுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கவேண்டுமாம். நான் கேமராவும் கையுமாக உட்கார்ந்தேன். எழுந்தேன். மரத்தைச் சுற்றினேன்.

"ஏங்க, கொஞ்சம் சும்மா நில்லுங்களேன். மலை சுத்தறவங்களே உங்களவிட கம்மியாதான் சுத்தறாங்க," என்றாள் மாலா.

அவள் சிலைகளுக்குப் பொட்டு வைத்துவிட்டு, மிச்சப் பொடியை அங்கேயே தூவிவிட்டு நகர்ந்தாள். வருகிற பெண்களெல்லாம் அப்படித் தூவித் தூவி, சிலைகளின் அடியில் மஞ்சளும் குங்குமமும் குவிந்து கிடந்தன. அப்போது ஒரு பெண் சிட்டுக்குருவி இறங்கியது. நம் வீட்டு வாசலுக்கு வருகிற அதே சிட்டுக்குருவிதான். சுற்றுமுற்றும் பார்த்தது. அந்தப் பொடியில் நெஞ்சை அழுத்தி, இறக்கையைப் படபடவென்று அடித்து — ஆனந்தமாக ஒரு மண் குளியல்! எழுந்தபோது தொண்டையில் மஞ்சள். தோளில் குங்குமம். முதுகிலோ பட்டை பட்டையாகக் கோடுகள்.

போனில் என் படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே மஞ்சள், அதே சிவப்பு, அதே தடி அலகு.

ஆனால் யாருக்குத் தெரியப் போகிறது? என் படத்தில் முதுகு இல்லை. ஜமுனாவுக்கும் வெறும் டவுட்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் சாயங்காலம் என் பெயர் அச்சாகிவிடும். இதை மாலாவிடமே சொன்னேன்.

"ஸ்கூல் பசங்களுக்குத்தானே காலண்டர் தர்றீங்க? அதுங்க இதைப் பார்த்து வச்சிக்கினு, மஞ்சத் தொண்டை இப்படித்தான் இருக்கும்னு தேடுமே..."

அவ்வளவுதான் சொன்னாள். நான் இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு போனை எடுத்தேன். ஜமுனா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "தேங்க்ஸ் சார்" என்றார். சிரித்திருந்தால்கூட தேவலை.

காலண்டர் வந்துவிட்டது. ஜூன் மாதத்தில் நிஜமான மஞ்சள் தொண்டைச் சிட்டு, ஜமுனா எப்போதோ எடுத்தது. முதுகு தெளிவாகத் தெரிகிறது. ஒரு கோடுகூட இல்லை.

பூதக்கண்ணாடி வைத்தே பார்த்துவிட்டேன்!