மச்சானுக்குச் சொன்ன ஒஸ்லோ

ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள குரோருட்டில் நாங்கள் இருந்த வீடு நான்காம் மாடியில். என் கணவர் நகரத்திலே ஒரு ஹோட்டலின் சமையல் குசினியில் வேலை செய்தார். நான் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இங்கே வந்து பத்து வருடம் ஆகியும் நொர்வேஜிய மொழியில் 'வாளி', 'துடைப்பம்', 'மன்னிக்கவும்', 'நாளைக்கு வருகிறேன்' என்பவைதான் என் வாயில் சரளமாக வந்தன. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு கிழமையைக் கடத்திவிடலாம். பத்து வருடத்தையும் கடத்திவிடலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மகளின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போன ஒரு நாள், அங்கே வேலை செய்த பெண் என்னை நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் பெண்கள் சிலர் கூடிக் கதைகள் வாசிக்கிறோம், வாருங்கள், கோப்பியும் கேக்கும் இருக்கும் என்றார். மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "போங்கோ அம்மா" என்றாள். அவளுக்காகத்தான் ஓம் என்றேன்.

ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பாதிப்பேர் ஓய்வுபெற்ற நொர்வேஜியப் பெண்கள், மீதிப்பேர் என்னைப்போல எங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி ட்ரினிடாட் தீவுக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கப்பலில் வேலை செய்த ஒரு நொர்வேஜியரை மணந்து, அவர் பின்னால் இந்தக் குளிருக்கு வந்தவள். அவளை மனதில் வைத்துத்தானோ என்னவோ, அந்த இலையுதிர்காலம் முழுவதும் கரிபியன் தீவுகளின் சிறுகதைகளை நூலகப் பெண் தெரிந்தெடுத்து வைத்திருந்தார். எல்லாம் நொர்வேஜிய மொழிபெயர்ப்பு. பேச வராவிட்டாலும் வாசித்தால் எனக்கு விளங்கும்.

முதல் நாளே ஒரு சொல் என்னைத் தடுக்கி விழுத்தியது. கதையில் யாரோ மத்தியானத்துக்குப் 'பாண்பழம்', அதாவது ரொட்டிப்பழம், சாப்பிடுகிறார்கள். நொர்வேஜியப் பெண்கள் அது ஒரு வகை இனிப்புப் பாணாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ட்ரினிடாட்காரி பென்சிலை எடுத்து, முள்முள்ளான தோலோடு உருண்டையாக ஒரு காயும், விரித்த கைபோல ஓர் இலையும் வரைந்தாள். எனக்கு உடனே விளங்கியது. ஈரப்பலாக்காய். "இது எங்கள் வளவிலும் நின்றது" என்று நொர்வேஜிய மொழியில் சொன்னேன். அந்த மொழியில் வேலையைப் பற்றியல்லாமல் நான் சொன்ன முதல் வசனம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். நீங்கள் எப்படிச் சமைப்பீர்கள் என்று அவள் கேட்டாள். மெல்லிதாய்ச் சீவிப் பொரிப்போம், கறியும் வைப்போம் என்றேன். அவர்கள் முழுதாக நெருப்பில் சுடுவார்களாம். அன்று நாங்கள் இருவரும் பேருந்துத் தரிப்பிடம் வரை ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டே நடந்தோம். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளை நான் ஒன்றும் விட்டதில்லை.

அந்தக் கதைகளில் வந்தவர்கள் எல்லோரும் தீவைவிட்டுப் போகத் துடித்தார்கள். போன பிறகு தீவையே நினைத்து நினைத்து உருகினார்கள். அடுத்த வருடம் திரும்பிவிடுவேன் என்று வருடா வருடம் சொன்னார்கள். ஒரு கதையை மட்டும் இங்கே சொல்லவேண்டும்.

தீவிலிருந்து ஒருவன் பெரிய குளிர்நகரம் ஒன்றுக்குப் போகிறான். ரயில் நிலையத்தைக் கூட்டுகிற வேலைதான் கிடைக்கிறது. ஆனால் ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கிறான், யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்துகொண்டு. அந்தப் படத்தைப் பார்த்து அவனுடைய தம்பி தன் மீன்பிடி வள்ளத்தை விற்றுவிட்டு வந்து சேர்கிறான். இரண்டு பேருக்கும் ஓர் அறை, ஒரு கோட். ஒருவன் வேலையால் வந்து கோட்டைக் கழற்றினால்தான் மற்றவன் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். தம்பி அண்ணனோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்கு அனுப்பப் படம் எடுக்கப் போகிறான்.

வாசித்து முடிந்ததும் ஒரு நொர்வேஜிய அம்மா, இவர்கள் ஏன் வீட்டுக்கு உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டார். குற்றமாக அல்ல, விளங்காமல்தான் கேட்டார். ட்ரினிடாட்காரி, உண்மையைச் சொன்னால் இவ்வளவு தூரம் போனதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்பார்கள், அந்தக் கேள்விக்குப் போனவர்களிடம் பதில் இல்லை என்றாள். அவள் தன் தாய்க்குப் பல வருடங்களாக ஒஸ்லோவில் குளிரே இல்லை என்று சொல்லிவந்தாளாம்.

அன்று வீட்டில் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இந்தக் கதையைத் தமிழில் சொன்னேன். அவருக்குக் கதைப் புத்தகங்களில் நாட்டமில்லை. முதலில் சோற்றைக் குழைத்தபடி அரைக்காதோடுதான் கேட்டார். கோட் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

"அப்ப தம்பிக்காரனும் போய்ப் படம் எடுத்தவனோ?"

"ஓம்."

"இதை எழுதின ஆள் ஒஸ்லோவிலை இருந்தவரோ?"

இல்லை, கரிபியன் தீவுக்காரர் என்றேன்.

"எங்களை மாதிரித் தீவார் எல்லாருக்கும் ஒரே வருத்தம்தான் போலை" என்றார்.

பிறகுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். ஊரில் அவர்களுடைய வீட்டு ஹோலில் ஒரு படம் தொங்குகிறது. ஹோட்டல் வாசலில் சிவப்பு மெத்தைக் கதிரை ஒன்றில், நீளக் கறுப்புக் கோட்டோடு அவர் சாய்ந்து அமர்ந்திருக்கிற படம். கலியாணம் பேசி வந்தபோது எங்கள் வீட்டுக்கும் அதைத்தான் காட்டினார்கள். அந்தக் கோட் அவருடையது அல்ல. கூட வேலை செய்தவனிடம் இரவல் வாங்கியது. அந்தக் கதிரையில் அவர் இருந்தது அந்த ஒரு முறைதான்.

எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி முதன்முதலாக மனம்விட்டுக் கதைத்தோம். இங்கே வரும்போது எதை நினைத்து வந்தோம், வந்து எதைக் கண்டோம் என்று. நான் வகுப்பறையை நினைத்து வந்ததையும், முதல் நாள் வாளியைக் கையில் தந்தபோது கழிவறைக்குள் போய் அழுததையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் சாப்பாட்டுக் கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

அடுத்த கோடை விடுமுறையில் யாழ்ப்பாணம் போனோம். போர்நிறுத்தச் சமாதான காலம், தெற்கிலிருந்து வரும் பாதை திறந்திருந்தது. கணவரின் தங்கை தன் குடும்பத்தோடு அந்த வீட்டில்தான் இருந்தாள். அவளுடைய கணவரை என் கணவர் மச்சான் என்று கூப்பிடுவார், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். மச்சான் யாழ்ப்பாண ரவுனில், கடைத்தெருவில், ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். கலியாணக் காட், கோயில் நோட்டீஸ் என்று அந்த நாட்களில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை. இருந்தும் நாங்கள் போய் இறங்கிய அன்றே அவருடைய கதை ஒன்றுதான். மெசினை விற்றுவிட்டு நொர்வேக்கு வரவேண்டும், ஒரு வழி காட்டுங்கள்.

இரண்டு நாள் என் கணவர் பிடிகொடுக்காமல் இருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு மச்சான் மறுபடி தொடங்கியபோது, எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார்.

"மச்சான், இந்தக் கோட் என்ரை இல்லை. கூட வேலை செய்தவன்ரை. நான் அந்த ஹோட்டலிலை கோப்பை கழுவினனான். இண்டைக்கும் குசினியிலைதான் நிக்கிறன்."

மச்சான் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருடைய முகம் மாறியது. கணவர் நிறுத்தவில்லை. விடியாமலே வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிற பனி மாரிகாலம், மொழி தெரியாமல் மேலாளர் முன்னால் நிற்கிற நிலை, நாட்டுக்காரர் நல்லவர்களாக இருந்தும் வீட்டுக்கு ஒருவரும் வராத தனிமை எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அந்த இரண்டு சகோதரர்களின் கதையையும் சொன்னார். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார்.

"நீங்கள் போய் நல்லா வந்திட்டீங்கள். இப்ப எங்களை வரவேண்டாம் எண்டு சொல்லுறீங்கள்" என்றார் மச்சான்.

"வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை. தெரிஞ்சுகொண்டு வாரும் எண்டு சொல்லுறன்."

மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விட்டார். தங்கை படத்தைத் துடைத்து, திரும்பவும் அதே ஆணியில் மாட்டினாள். அண்ணா இப்படி மாறிப்போவார் என்று நினைக்கவில்லை என்று என்னிடம் சொன்னாள். மீதி நாட்களில் எங்களுக்குச் சாப்பாடு குறையவில்லை, கதைதான் குறைந்துவிட்டது. விமானத்தில் என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு முறை கேட்டார். சொன்னது நல்லது என்றேன். அந்த நேரத்தில் எனக்கும் அது நிச்சயமில்லை.

மச்சான் மெசினை விற்கவில்லை. எங்கள் பேச்சைக் கேட்டா, நல்ல விலை வராததாலா என்று தெரியாது. பிறகு சண்டை மறுபடி தொடங்கிப் பாதையும் பூட்டப்பட்டது. தாள் வருவது நின்றது. அச்சகம் வைத்திருக்கிறவனை எந்தப் பக்கமும் வந்து கேள்வி கேட்கலாம் என்ற நிலை வந்ததும் அவர் தனியே புறப்பட்டார். இந்த முறை வழி காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை, நாங்களாகத்தான் காட்டினோம். எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவர் சொல்லவேண்டிய கதை. வந்ததும் நொர்வேயின் வடக்கே ஓர் அகதி முகாமில் விட்டார்கள். மாசி மாதத்தில் எங்களைப் பார்க்க ஒஸ்லோவுக்கு ரயிலில் வந்தார்.

நிலையத்தில் அவரைக் கண்டபோது நன்றாக மெலிந்திருந்தார். காலில் மெல்லிய சப்பாத்து. நேராக ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குக் கூட்டிக்கொண்டு போய் மாரிச் சப்பாத்தும் ஒரு தடித்த ஜக்கெற்றும் வாங்கினோம். பிறகு கடைத்தொகுதிக்குள்ளேயே கோப்பி குடிக்க இருந்தோம். மூன்று பேரும் பழைய பேச்சைத் தொடாமல் எதையெதையோ கதைத்தோம்.

"மச்சான், நீங்கள் அண்டைக்குச் சொன்னதிலை ஒண்டு பிழை" என்றார் அவர் திடீரென்று.

என் கணவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"குளிரைக் குறைச்சுச் சொல்லிப்போட்டீங்கள்."

நாங்கள் சிரித்தோம். மச்சானும் சிரித்தார். பிறகு புதுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"முகாமிலை என்னோடை இருக்கிறவை, ஏமாந்துபோனம் எண்டு அழுகினம். எனக்கும் வீட்டை நினைச்சு அழுகை வரும். ஆனால் ஏமாந்த அழுகை வரேல்லை. நான் தெரிஞ்சுதானே வந்தனான்."

என் கணவர் எழும்பிப் போய் மூன்று பேருக்கும் இன்னொரு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கதையை எழுதியவருக்கும், எங்கள் கையில் தந்த நூலகப் பெண்ணுக்கும் நான் மனதார நன்றி சொன்னது அந்த மேசையில் இருந்துதான்.

மச்சானுக்கு இங்கே தங்குவதற்கான விசா கிடைக்க நாள் எடுத்தது. கிடைத்ததும் ஒஸ்லோவுக்கு வந்து எங்களோடு கொஞ்சக் காலம் இருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தார். பிறகு ஓர் அச்சகத்தில் தாள் கட்டுகிற வேலை கிடைத்தது. முதலாளியாக இருந்தவருக்கு அது பெரிய வேலை அல்ல. ஆனாலும் முதல் நாள் வேலையால் வந்து கையை மணந்து பார்த்தார். மை மணம் என்று என்னிடமும் கையை நீட்டினார்.

ஒவ்வொரு ஞாயிறும் தங்கையோடு தொலைபேசியில் கதைப்பார். பக்கத்து அறையில் இருக்கிற எனக்குக் கேட்கும். ஒன்றையும் மறைக்கமாட்டார். வழுக்கி விழுந்ததைச் சொல்வார். மொழி வகுப்பில் பதினெட்டு வயதுப் பெடியன் தன்னைத் திருத்தியதைச் சொல்வார். நாலு மணிக்கே இருட்டுகிறது என்பார். நல்லதையும் சொல்வார். தெரியாத கிழவர் ஒருவர் பனியில் தள்ளிக்கொண்டு வந்து சைக்கிள் ஒன்றைச் சும்மா தந்ததையும், ஓர் அலுவலகத்தில் ஒரு பெண் தனக்காக நின்று கதைத்து அலுவலை முடித்துத் தந்ததையும்.

சண்டை உச்சத்துக்குப் போய், ஊரிலிருந்து வந்த செய்திகள் எல்லாம் தாங்கமுடியாதவையாக இருந்த அந்த வருடம் முடிவதற்குள், தங்கையும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். ஆடி மாதம், வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. விமான நிலையத்தில் அவள் அண்ணனைக் கட்டிப்பிடித்து வெகுநேரம் அழுதாள். பழைய மனஸ்தாபத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை. காரில் வரும்போது முன் ஆசனத்தில் இருந்து வயலையும் காட்டையும் பார்த்துக்கொண்டே வந்தாள். குரோருட்டை நெருங்கும்போது பின்னால் என் பக்கம் திரும்பினாள்.

"மச்சாள், இவர் சொன்னதைக் கேட்டு நான் பயந்துபோய் வந்தனான். அவ்வளவு மோசமில்லையே."

மச்சான் பிள்ளைகளின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்தார். மாரி வரட்டும், அப்போது உன்னைக் கேட்கிறேன் என்று அவளிடம் சொன்னார். வீட்டில் நான் காலையிலேயே இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருந்தேன். பிள்ளைகள் படியேறிக்கொண்டே, தகப்பன் தொலைபேசியில் சொன்ன நான்காம் மாடி எது, எது என்று கேட்டார்கள்.