நீங்களே பற்றவைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை உதிரியாக விற்பது, சாப்பிட வந்தவர் கையில் அரிசியையும் அடுப்பையும் கொடுத்து அனுப்புகிற தொழில். சால்டரிங் அயர்னில் விரல் சுட்டுக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் புகை

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் டி.வி. போர்டு செய்யும் வேலையை விட்டுவிட்டு, ரீத்தா அக்கா உப்பளம் பகுதியில் ஒரு மாடி அறையைப் பிடித்தார். அங்கே விற்றது ஒரு போர்டு, ஒரு பை உதிரி பாகங்கள், ஒரு செய்முறைப் புத்தகம். பாகங்களை போர்டில் ஈயத்தால் பற்றவைத்து டி.வி.யில் மாட்டினால் கம்ப்யூட்டர். பாகங்களைப் பையில் போடுவதும் புத்தகம் எழுதுவதும் என் வேலை.

முதலில் வாங்கியவர் ஐ.சி. சிப்பைத் திருப்பிச் செருகி, புகைந்த போர்டோடு வந்து நின்றார். படித்துப் பார்த்திருக்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சல். அக்கா அவருக்கு வேறு ஐ.சி.யும் ஒரு டீயும் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவரு தப்பு பண்ணல. தப்பு பண்ண நாமதான் எடம் குடுத்துட்டோம்."

முசே போட்ட வெட்டு

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. புத்தகம் அச்சுக்குப் போகுமுன், எலெக்ட்ரானிக்ஸ் வாடையே படாத ஒருவர் அதைப் படித்துக் கட்டிப் பார்க்க வேண்டும். நாங்கள் வாய் திறக்கக் கூடாது. கீழ்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருந்தார். தெருவே அவரை பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடும். அவரைப் பிடித்து உட்கார வைத்தோம்.

'பாகங்களின் கம்பிக் கால்களை போர்டின் துளையில் விட்டு வளைக்கவும், மிச்சத்தை வெட்டவும், பற்றவைக்கவும்' என்று எழுதியிருந்தேன். தொழில் தெரிந்த யாரும் பற்றவைத்த பிறகுதான் வெட்டுவார்கள். முசே எழுதியபடியே முதலில் வெட்டினார், அதுவும் ஒட்ட. போர்டைத் தூக்கியதும் அத்தனை பாகமும் பொலபொலவென்று மேஜையில் கொட்டியது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ போட்ட ஆர்டரத்தான் செஞ்சேன். அடுத்த ஆர்டர் என்னா?"

பின்னால் கட்டிய கை

ஊர் மெச்சியது, வாங்கத்தான் ஆளில்லை. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி மட்டும், மாணவர்கள் கட்டி எல்லாம் ஓடினால் லேபுக்கு எடுப்பதாகச் சொன்னது. ஓடாவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு அக்கா மறுபடி சேதராப்பட்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

எல்லாம் ஓடின, ஒரு பெண்ணுடையதைத் தவிர. அக்காவுக்குக் கோளாறு புரிந்துவிட்டது, முகமே சொல்லியது. நீங்களே சரிபண்ணிவிடுங்களேன் என்றார் பேராசிரியர். அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, 'ஓடாவிட்டால்' என்று தொடங்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார் அந்தப் பெண்ணிடம். முசே ஒவ்வொரு வரியாகக் கட்டிப் பார்த்து, நான் திரும்பத் திரும்பத் திருத்திய பக்கம் அது.

அவள் படித்தாள், ஐ.சி.யைக் கழற்றினாள், அடியில் மடங்கிக் கிடந்த ஒரு காலை நிமிர்த்திச் செருகினாள். டி.வி.யில் எழுத்து வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேராசிரியர் லேபுக்கு எடுத்துக்கொள்வதாக அங்கேயே சொல்லிவிட்டு போர்டுகளை வாங்கி வைக்க வந்தார். அந்தப் பெண் தரவில்லை. "இது நான் கட்டுனது சார். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

லேபில் குறைந்த அந்த ஒன்றுக்குப் பதிலாக வேறொன்றை அக்கா இனாமாகவே கொடுத்தார். இந்த அழகில் நடந்த வியாபாரத்தில் எனக்கு எப்படி மாதாமாதம் சம்பளம் வந்தது என்பதற்கு மட்டும் இன்றுவரை செய்முறைப் புத்தகம் கிடைக்கவில்லை.