சுவரில் இருந்த அண்ணன்

நான் பிறந்த வாரத்தில் என் அண்ணன் காய்ச்சலில் இறந்துபோனான். மூன்று வயது. அம்மா அப்போது என்னைப் பெற்றுப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடைசியாக ஒருதடவை அவன் முகத்தைப் பார்க்கக்கூட அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மிஞ்சியது ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை அகல விழித்தபடி இருப்பான். "தேரோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போனப்ப எடுத்தது" என்பார் அப்பா.

போன ஐப்பசி மழையில் சுவர் ஊறி, படம் கண்ணாடியோடு ஒட்டிப் பாழாய்ப்போனது. அதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "ஏட்டி, அவன் மொகம் மறந்துருமோன்னு பயமா இருக்கு" என்று ராஜபாளையத்தில் இருக்கும் எனக்குப் போன் போட்டு அழுதாள்.

ஊருக்குப் போய்த் துழாவியதில், அப்பா இறந்த பிறகு யாரும் திறக்காத டிரங்குப் பெட்டியில் நெகட்டிவ் கிடைத்தது. உள்ளங்கை அகலம். கறுப்பும் வெள்ளையும் இடம் மாறியிருந்ததில் முகம் எனக்குப் பிடிபடவில்லை. ஸ்டுடியோவில் கொடுத்தேன். அங்கிருந்த பையன், "போன்லயே மாத்தி, கலர் போட்டு, ஒரு கோட்டும் மாட்டி விட்டுருதேன்க்கா" என்றான். எனக்கு வந்ததே கோபம்! கோட்டாம் கோட்டு. பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்லூரியில் படித்தபோது இருட்டறையில் நெகட்டிவிலிருந்து படம் போடக் கற்றிருந்தேன். நெகட்டிவ் இவ்வளவு பெரிதாக இருந்தால், பெரிதாக்கும் கருவியே வேண்டாம். போட்டோத் தாளும் அதைக் கழுவும் மருந்தும் கூரியரில் வரவழைத்தேன். குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, சிவப்பு பல்பு மாட்டினேன். தாளின் மேல் நெகட்டிவ், அதன் மேல் ஒரு கண்ணாடி. வெள்ளை விளக்கை ஒரு நொடி போட்டு அணைத்துவிட்டு, தாளை மருந்தில் நழுவவிட்டுத் தட்டை ஆட்டினேன்.

முதலில் தலைமுடி வந்தது. பிறகு நாற்காலியின் கை, சட்டை. கண் வரவில்லை. வெளிச்சம் பத்தவில்லையோ என்று இன்னொரு தாளுக்குக் கூடுதலாகக் காட்டினேன். முகம்தான் கறுத்தது, கண் மூடியே இருந்தது. தூங்குகிற பிள்ளையை யார் நாற்காலியில் சாய்த்துவைத்துப் படம் எடுப்பார்கள்? அப்புறம்தான் உறைத்தது. படம் எடுத்தபோது அண்ணன் உயிரோடு இல்லை. சுவரில் இருந்த படத்தின் கண்ணை அந்தக் கால ஸ்டுடியோக்காரர் தூரிகையால் வரைந்திருக்கிறார். ஈரத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

இதை எந்த முகத்தோடு அம்மாவிடம் கொடுப்பது? உயிரோடு இருந்த பிள்ளையின் படம் என்றல்லவா இத்தனை வருஷமாகக் கும்பிட்டாள்! காய்ந்த படத்தில் பென்சிலால் கண் வரையப் பார்த்தேன். கை வரவில்லை. அதற்குள் "படம் என்னாச்சு?" என்று அம்மாவிடமிருந்து மறுபடியும் போன். பஸ் ஏறிவிட்டேன்.

அம்மா படத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். "ம்மா, அது வந்து..." என்று இழுத்தேன்.

"படத்தப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "இந்தச் சட்டைய நான் எடுக்கல. மடிப்புகூட கலையல பாரு. மண்ணுக்குள்ள வைக்க எடுத்த புதுச்சட்டை. ஒங்கப்பா அவிய எனக்காகச் சொன்ன பொய். அத எதுக்குப் போட்டு ஒடைக்கணும்னு இருந்துட்டேன்."

விரலால் அவன் நெற்றியைத் தடவினாள்.

"அந்தப் படத்துல முழிச்சிட்டே இருப்பான். லைட்ட அமத்திட்டுப் படுத்தா, எம்புள்ள மட்டும் தூங்கலியேன்னு மனசு கெடந்து தவிக்கும். இத சுவத்துல மாட்ட வேண்டாம்."

படத்தை மடியில் கிடத்தி, மெல்லத் தட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள்.