அத்தை சொன்னதும் நான் சொன்னதும்

ஆட்டம் முடிந்து திரையைச் சுருட்டும்போது யாராவது ஒருவர் வந்து, பொம்மைகளைப் பேச வைக்க யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பார். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒரு மணி நேரம் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றால் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. அந்த வலியோடு பழைய கதையெல்லாம் சொல்ல முடியாது. "தானாக வந்ததுதான்" என்று சொல்லிவிட்டு வெந்நீர் ஒத்தடத்தைத் தேடிப் போய்விடுவேன். பொம்மைகளுக்குப் பாவாடை சட்டை தைத்துத் தரும் என் மகளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். என் முதல் ஆட்டத்துக்கு இரண்டே பொம்மைகள். பார்க்க வந்தது ஆறு பிள்ளைகளும் ஒரு வெள்ளாடும்.

எழுபதுகளில் நாங்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் இருந்தோம். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அத்தையுடையது. அத்தை அப்பாவுக்கு அக்கா. இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே கொல்லை, ஒரே கைபம்பு. கருவாடு காயப்போடுகிற மணலும் ஒன்றுதான். ஆனால் அம்மாவும் அத்தையும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது.

காரணம் ஒரே ஒரு சொல். என் அக்காவின் மஞ்சள் நீராட்டுக்கு அத்தை தலையில் சீர்த்தட்டோடு வந்து வாசலில் நின்றார். அம்மா அந்த நேரம் அடிப்பிடிக்கப் போன பாயசத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். புகைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தவள், "வாங்க" என்று சொல்லவில்லை. அத்தை தட்டை நிலைப்படியிலேயே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அப்பாவும் மாமாவும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்கள். தண்ணீரில் இருக்கும்வரை சிரித்துப் பேசுவார்கள். கட்டுமரம் மணலைத் தொட்டதும், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல ஆளுக்கொரு பக்கம் நடப்பார்கள்.

ஒரே கொல்லையில் புழங்கிக்கொண்டு எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? முதலில் கோழியிடம் பேசினார்கள். "கோழி, உங்க வூட்டுக்காரிகிட்ட சொல்லு, தண்ணி புடிச்சா பம்ப சுத்தி கழுவி வுடணும்னு." கோழி எந்தச் செய்தியையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அந்த வேலை எனக்கு வந்தது. எனக்கு அப்போது ஆறு வயது.

தொடக்கத்தில் நானும் சொன்னதைச் சொன்னபடியேதான் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் தலையில் குட்டு விழுந்தது. அதன் பிறகு வழியில் கொஞ்சம் திருத்திக்கொண்டேன். அதில் நல்லெண்ணம் எதுவும் கிடையாது. குட்டுக்குப் பயந்ததுதான்.

ஒரு நாள் அம்மா சொன்னாள், "உங்க அத்த காச்சற கொழம்பு நாத்தம் எங்க வூடு வரிக்கும் வருதுன்னு சொல்லு." நான் போய், "அத்த, உங்க கொழம்பு வாசன எங்க வூடு வரிக்கும் வருதாம், அம்மா சொன்னாங்க" என்றேன். அத்தை அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார். பிறகு ஒரு கிண்ணம் எடுத்து, வஞ்சிரத் துண்டாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. முருங்கைக்கீரை போனது. இன்னொரு நாள் அத்தை, "உங்கம்மா மூஞ்சில முழிச்சிட்டு போனா வலையில நண்டு கூட மாட்டாது" என்றார். அம்மாவிடம் நான் சொன்னது, "வலையில நண்டு மாட்டுச்சான்னு அத்த கேட்டாங்க." அந்த மூன்று வருடமும் இப்படியே கிண்ணங்கள் போய் வந்தன. நாக்கில் புளிப்பு இனிப்பு பார்த்து ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றை வைக்கிற பழக்கம் அப்போது வந்ததுதான். பின்னால் என் பொம்மைகளின் பேச்சைக் கவிதை என்று நாலு பேர் சொன்னபோது நான் மறுக்கவில்லை.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் சிக்கல் வந்தது. பெண் செங்கல்பட்டு. ஆவணியில் முகூர்த்தம். தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால், மற்ற இரண்டையும் அவர் அக்காதான் போட வேண்டும். சித்தப்பாவுக்கு இருப்பது ஒரே அக்கா, அடுத்த வீட்டில் இருப்பவர். "தம்பி கல்யாணத்துக்கு வெத்தல பாக்கு வெச்சி கூப்புடணுமா, இன்னா அவங்க விருந்தாளியா?" என்றாள் அம்மா. "அவ வாயத் தொறந்து வான்னு சொல்லட்டும். சொல்லலேன்னா முடிச்ச அவளே போட்டுக்கட்டும்" என்றார் அத்தை. இந்தச் செய்தியை எப்படித் திருத்தியும் என்னால் நல்ல சொல்லாக்க முடியவில்லை. விழுங்கிவிட்டேன். சித்தப்பா கிழியாத வலையை எடுத்து வைத்துத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அது ஆடி மாதம். பனம்பழம் சுட்டுச் சப்பிய கொட்டைகள் குப்பம் முழுக்கக் கிடந்தன. கடல் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் கொட்டையைச் சுற்றி நார் தலைமுடி மாதிரி எழும்பி நிற்கும். இரண்டு கொட்டைகளை எடுத்துக் குச்சியில் செருகினேன். ஒன்றுக்கு நாரை வாரிப் பக்கவாட்டில் கொண்டை போட்டேன். அத்தை கொண்டை அப்படித்தான் இருக்கும். இன்னொன்றுக்கு நெற்றி நிறையக் குங்குமம். கிழிந்த துணி சுற்றியதும் இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். கொல்லையில் இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவில் அம்மாவின் பழைய புடவையைக் கட்டி, மத்தியான வெயிலில் ஆட்டத்தைத் தொடங்கினேன்.

முதலில் நான் திருத்திய பேச்சுகளைத்தான் பொம்மைகள் பேசின. "கொழம்பு வாசன நல்லாக்கீது அண்ணி." "அப்படியாம்மா, இந்தா ஒரு கிண்ணம்." எதிரே உட்கார்ந்திருந்த ஆறு பிள்ளைகளில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் எழுந்து போகப் பார்த்தான். எனக்குப் பயமாகிவிட்டது. கொண்டை பொம்மையைத் தூக்கி, அத்தையின் மூக்குக் குரலிலேயே, "உம் மூஞ்சில முழிச்சா வலையில நண்டு கூட மாட்டாது!" என்றேன். பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் தலைக்கு ஏறிவிட்டது. மூன்று வருடமாக நான் வழியில் விழுங்கியதெல்லாம் வரிசையாக வெளியே வந்தது. குழம்பு நாற்றம் வந்தது. கருவாட்டுக்கு உப்புப் போடத் தெரியாதவள் என்ற வசை வந்தது. கடைசியில் குங்குமப் பொம்மை, "இன்னா அவங்க விருந்தாளியா?" என்று கேட்க, கொண்டை பொம்மை, "முடிச்ச நீயே போட்டுக்கோ!" என்று கத்தியது.

சிரிப்பு சட்டென்று நின்றது. புடவைக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அத்தை. இருவர் கையிலும் கருவாட்டு ஈரம். மணலில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்த இருவரையும் நான் மறந்தே போயிருந்தேன்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "எங் கொழம்பு நாறுதுன்னா சொன்ன?"

"நீங்க மட்டும் இன்னாவாம்? நண்டு கூட மாட்டாதுன்னு சொல்லல?"

"சொன்னேன். இல்லேன்னா சொல்றேன்?"

"நானுந்தான் சொன்னேன்."

"அப்ப இது வந்து வாசன கீசனன்னு எங்கிட்ட ஒப்பிச்சிச்சே!"

இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். அம்மா காதைத் திருகினாள். அத்தை தொடையில் கிள்ளினார். அந்த வேலை முடிந்ததும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலி ஓரம் கூட ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு மானம் போகிற பயம் வந்துவிட்டது.

"நாலு பேர் பாக்கறாங்க. எதுவா இருந்தாலும் உள்ள வந்து பேசுங்க. வாங்கண்ணி, வாங்க உள்ள!"

"வாங்க" என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை நீட்டிய கையை இறக்கினார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, எங்கள் வீட்டுக்குள் போனார்.

உள்ளே ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. பிறகு பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் அத்தை மூக்கைச் சிந்தும் சத்தம். அதற்கப்புறம் டீ வாசனை வந்தது. சித்தப்பா கரையிலிருந்து வந்து, சிவந்த காதோடு நின்ற என்னிடம், "இன்னா ஆச்சி?" என்றார். "அத்த உள்ள கீறாங்க" என்றேன். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவணியில் அத்தைதான் முடிச்சுப் போட்டார். பந்தல் கோணல் என்றும் சாம்பாரில் உப்பில்லை என்றும் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் "ஆமாண்ணி" என்றாள். அப்பாவும் மாமாவும் கரையில் நின்றே பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் வேலை போய்விட்டது. கிண்ணங்களை அவர்களே நேராகக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். கொல்லையில் என்னை யாரும் கூப்பிடவில்லை.

கல்யாணம் முடிந்து பத்து நாள் இருக்கும். காலையில் கைபம்பில் அத்தை தண்ணீர் அடிக்க, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு குடம் வைக்கத்தான் இடம் இருந்தது. அத்தை என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"இங்க வா. உங்கம்மாகிட்ட போயி அத்த சொன்னாங்கன்னு சொல்லு."

"இன்னா அத்த சொல்லணும்?"

"அத நீதான சொல்லணும். நீயே நல்லதா ஒண்ணு பாத்து சொல்லு."

நான் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. சாம்பல் கையோடு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள் என்றே அப்போது நினைத்தேன். மறுபடியும் சண்டை வரப்போகிறது, இந்த முறை காது தப்பாது என்று பயந்து சவுக்குத் தோப்பைப் பார்த்து ஓடினேன். பின்னாலிருந்து இருவரும் மாறி மாறி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.