ஏழாம் எண் நாவல் மரமும் ஜெசிந்தா மேடமும்

செய்தி அம்மாவின் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "நமது கண்காணிப்பாளர் ஜெசிந்தா மேடம் இன்று அதிகாலை சிதம்பரத்தில் மாரடைப்பால் காலமானார்." அதற்குக் கீழே ஒருவர், தினமும் காலை வணக்கத்துக்குப் போடும் அதே கும்பிட்ட கையைப் போட்டிருந்தார். "இத யாராச்சும் எழுத்துல குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டேன். மேடம் மாதிரி நான் பேசினால் அம்மாவுக்கு எப்போதும் சிரிப்பு வந்துவிடும். அன்று வரவில்லை. அப்போதுதான் செய்தியை நம்பினேன்.

மேடத்தோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடலூரில் இருக்கும் அந்த அரசு அலுவலகத்தின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். தபால் பிரிவில் அம்மாவுக்கு வேலை. பள்ளி விட்டதும் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்திருப்பேன் என்பது அம்மாவின் நம்பிக்கை. கட்டடத்தைச் சுற்றியிருந்த தோட்டம் மேடத்தின் கூடுதல் பொறுப்பு. பூங்கா என்று பெயர். பூவும் கிடையாது, காவும் கிடையாது. "புல்தரையில் நடக்காதீர்" என்ற பலகை மட்டும் செழிப்பாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, அந்தப் பலகையின் அடியில் "புல் எங்கே?" என்று எழுதினேன். மேடம் என்னைக் கையும் சாக்பீஸுமாகப் பிடித்தார். அம்மாவிடம் இழுத்துப்போவார் என்று நினைத்தேன். தன் மேசைக்குக் கூட்டிப்போய் ஒரு தாளை நீட்டினார்.

"ஏன் செஞ்சன்னு எழுத்துல குடு. வாயால சொல்றது காத்தோட போயிரும்."

"நடக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட புல்லைத் தேடினேன். கிடைக்காததால் விசாரித்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். படித்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"கடைசியில 'வருந்துகிறேன்'னு போடு. போடலன்னா அது விளக்கம் இல்ல, திமிரு."

போட்டேன். முத்திரை குத்தி, எண் கொடுத்து, கோப்பில் வைத்தார். மூன்றாம் நாள் தபால் பிரிவு வழியாகவே எனக்குப் பதில் வந்தது: "புல் விதை கேட்டு மேலிடத்துக்கு எழுதப்பட்டுள்ளது. அதுவரை பொறுமை காக்கவும்." என் குறும்புக்கு உறை போட்டுப் பதில் அனுப்பிய பெரிய மனுஷி, இதுவரைக்கும் அவர் ஒருவர்தான்.

நுழைவாயிலுக்கு இடப்பக்கம் இருக்கும் குழி உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிரமுகர் வந்து அதில் கன்று நடுவார், பெயர்ப் பலகை வைப்பார்கள், கன்று செத்துவிடும், பலகை பிழைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டும் அதே குழி. கட்டடம் கட்டியபோது மிஞ்சிய சுண்ணாம்பையும் சிமெண்டையும் அங்கேதான் புதைத்தார்கள் என்று மேடம் நான்கு முறை குறிப்பு எழுதினார். யாரும் படிக்கவில்லை. "குழி ரெடி, போட்டோகிராபர் ரெடி, கன்னுதான் பாவம்" என்பார். ஒருமுறை செத்துப்போன கன்றைப் பிடுங்கிவிட்டு, முதுநகர் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் செடியை நட்டுவைத்தேன். தோட்டக்காரர் மாயவன் மாமா பத்து நாள் தண்ணீர் ஊற்றினார். மேலதிகாரி நின்று பார்த்து, "இந்த தடவ நல்லா புடிச்சிக்கிச்சே!" என்று பாராட்டிவிட்டுப் போனார். அதற்கும் எழுத்தில் கொடுத்தேன். வருந்தினேன்.

சென்ற சித்திரையில், வளாகத்தை அழகுபடுத்த ஆணை வந்தது. ஒப்பந்தக்காரர் கணினியில் வரைந்த படத்தைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். நீரூற்று, சிமெண்டுக் கல் பாதை, யானை மாதிரி கத்தரித்த செடி, செல்ஃபி எடுக்க ஓர் இதய வடிவ வளையம். படத்தில் நடமாடிய அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். நிழல் என்பது மருந்துக்கும் இல்லை. வெட்டவேண்டிய மரங்களுக்குச் சிவப்புப் பெயின்டில் எண் போட்டார்கள். மேடத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்ற நாவல் மரத்துக்கு ஏழு. இதய வளையம் அங்கேதான் வரவேண்டுமாம். கம்மாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மனு கொடுக்க வருகிறவர்கள் காத்துக் கிடந்தது அந்த மரத்தடியில்தான். மேடம் மூன்று கடிதம் எழுதினார். "வரைபடத்தில் மரம் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆணையில் ஒரே ஒரு விலக்கு இருந்தது: பிரமுகர்கள் நட்ட மரங்களை வெட்டக் கூடாது.

ரம்பம் வருவதற்கு முந்தின நாள். கோடை விடுமுறை, காலையிலிருந்தே நான் அலுவலகத்தில் இருந்தேன். மேடம் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"குழிகிட்ட ஒரு பலகை நிக்கிதில்ல, பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்தாரே பெரியவரு, அவரோடது."

"அந்தக் கன்னு அப்பவே செத்துப்போச்சுன்னு சொல்லுவீங்களே மேடம்."

"செத்துப்போச்சு. ஆனா பலகையில என்ன மரம்னு போடல." ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் உன்ன ஒண்ணும் செய்யச் சொல்லல."

"நானும் ஒண்ணும் கேக்கல மேடம்."

"ஒண்ணேகாலுக்கு எல்லாரும் சாப்பாட்டு ரூமுக்குப் போயிருவாங்க. சும்மா டைம் சொன்னேன்."

மூன்று நிமிடம் தாமதமாக வந்தால்கூட வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே தானே சிவப்புக் கோடு போட்டுக்கொள்கிற மனுஷி இவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு மரத்துக்கா மேடம் இவ்ளோ?" என்றேன்.

"அது நான் போட்டது."

"நீங்க நட்டீங்களா?"

"துப்புனேன்."

அதுவும் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதைதான்; தோட்டத்தைப் புயல் வாரிக்கொண்டு போனதற்கு அடுத்த ஆனி மாதம். சிதம்பரம் ஸ்டேஷன் வாசலில் வாங்கிய நாவல் பழத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு தின்றுவிட்டு, கொட்டையை ஜன்னல் வழியே துப்பியிருக்கிறார். அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் "இங்கே துப்பாதீர்" பலகை. அதை எழுதி வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

"ஒரே ஒரு தடவதானே மேடம்?"

"சீசன் பூரா."

மூன்று வருடமாக நான் காத்திருந்த சந்தர்ப்பம். "எழுத்துல குடுங்க மேடம்" என்றேன். முறைத்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

அரசு அலுவலகத்தில் திருட்டுத்தனம் செய்ய நள்ளிரவு தேவையில்லை. மதியம் ஒண்ணேகால் போதும். மாயவன் மாமா பலகையைப் பிடுங்க, நான் சுமந்தேன். ஊன்றிய இடத்தில் காய்ந்த சருகைப் பரப்பினேன். சிவப்பு ஏழின் மேல் மாமா காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார். "இப்பதான் பாப்பா இது கவர்மெண்டு மரம்" என்றார். (மாமா போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார், அந்தத் தைரியத்தில் பெயரை எழுதுகிறேன்.)

மறுநாள் ரம்பத்தோடு வந்த ஆள் தலையைச் சொறிந்தார்.

"மேடம், இந்த போர்டு அந்தாண்ட இல்ல இருந்துச்சு?"

"அந்தாண்ட இருந்துச்சுன்னு எழுத்துல குடுக்குறீங்களா? பெரியவரு பேரு போட்ட மரத்த வெட்ட வந்தேன்னும் சேத்து எழுதிருங்க."

அவர் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு, பட்டுப்போன எட்டாம் எண் தென்னைக்குப் போய்விட்டார். மேடம் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். இதய வளையத்தைக் குழிக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தார்கள். இதுவரை அதில் நின்று போஸ் கொடுத்தது ஓர் ஆடு மட்டும்தான்.

ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்ய முடியாது என்று ஆனிக் கடைசியில் அவசரமாகத் திறப்பு விழா வைத்தார்கள். திறக்க வந்தவர் அதே பெரியவர். வெள்ளைவெளேர் சட்டை. நடந்து வந்தவர் பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். மேடம் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். பெரியவர் மைக்கை வாங்கினார்.

"இந்த மரம் எங் கையால நட்டது! இது பெருசா வரும்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்!"

கூட்டம் கைதட்டியது. ஒரு காற்று அடித்தது. கனிந்து கிடந்த மரம் உதிர்த்ததில், வெள்ளைச் சட்டையில் ஏழெட்டு இடத்தில் ஊதா. "பாத்தீங்களா, எம் மரம் எனக்கு ஆசீர்வாதம் பண்ணுது!" என்று அதற்கும் ஒரு கைதட்டல் வாங்கிக்கொண்டார். மேடம் என் காதருகே குனிந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கையாலயாம்."

அவர் தோள் குலுங்கிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சிதம்பரத்தில் அடக்கத்துக்கு அம்மா, மாயவன் மாமா, நான் மூவரும் போயிருந்தோம். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் ஒரு பலகை: "புல்தரையில் நடக்காதீர்." புல் இல்லை. மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கப் போய் அழுகை வந்துவிட்டது. அம்மா இரண்டுக்கும் சேர்த்து ஒரே கிள்ளாகக் கிள்ளினார்.

மேடம் அன்று எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. கையொப்பம், தேதி, முத்திரை எல்லாம் உண்டு. "எனது அறையின் ஜன்னல் வழியாக நாவல் கொட்டைகளைத் துப்பியது உண்மை. விதிமீறல் என்று தெரிந்தே செய்தேன். வருந்தவில்லை." அவர் எனக்கு விட்டுப்போனது இந்த மூன்று வரிதான். பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டதைவிடக் கவனமாக இதற்கு அட்டை போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மேடத்தின் நினைவாகக் கன்று நடப்போகிறீர்கள் என்று அம்மா சொன்னார். அதே குழியில். தயவுசெய்து வேண்டாம். ஐந்தாவது குறிப்பாகவாவது இதைப் படியுங்கள்: அங்கே சுண்ணாம்பு இருக்கிறது. நாவல் மரத்தடியில் தானாக முளைத்த கன்றுகள் கும்பலாக நிற்கின்றன. ஒன்றைப் பெயர்த்து, மனுக்காரர்கள் வரிசையில் நிற்கும் மேற்குச் சுவரோரம் வையுங்கள். அங்கேதான் வெயில் ஜாஸ்தி. மீறி அந்தக் குழியில் நட்டுப் பலகை வைத்தால், பலகை அங்கே இருக்காது. எந்த நேரத்தில் காணாமல்போகும் என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும்.

பெரியவரின் பலகையை இடம் மாற்றியது நான்தான். அதை எழுத்தில் கொடுத்துவிட்டேன். அதற்கு வருந்தவில்லை. மற்றதற்கு, மேடம், வருந்துகிறேன்.